வாரண்டி முடிந்த மறுமாதம்: வாசகர் கேள்விகள்

ஃப்ரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சட்டம் பற்றியவற்றுக்கு நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரும், பழுது பற்றியவற்றுக்கு வீட்டுச் சாதனங்களைச் சரிசெய்யும் டெக்னீஷியனும் பதில் சொல்கிறார்கள். கடிதங்களில் இருந்த கம்பெனிப் பெயர்களை நீக்கிவிட்டோம்.

கேள்வி: 58,000 ரூபாய்க்கு 55 இன்ச் டி.வி. வாங்கினோம். சரியாகப் பதின்மூன்றாவது மாதம் திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது. இப்போது நான்கு கோடுகள். "பேனல் போச்சு, 39,000 ஆகும், வாரண்டி ஒரு வருஷம்தான்" என்று கைவிரிக்கிறார்கள். நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? (வாசகி, திருச்சி)

பதில்: இருக்கிறது. வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்கு. இந்தத் தேதிக்குள் பழுதானால் இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. தேதி தாண்டினால் அந்த வாக்கு முடிகிறது. குறையுள்ள பொருளை விற்றதற்கான பொறுப்பு தனி விஷயம். அது 2020 ஜூலை முதல் நடப்பிலுள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. வாரண்டி அட்டையின் தேதியைப் பார்த்து அது முடிந்துபோவதில்லை.

ஆனால் நிலைமை ஒரு விதத்தில் தலைகீழாகிவிடும். வாரண்டிக்குள் இருந்தால் "ஓடவில்லை" என்று சொன்னால் போதும். வாரண்டி முடிந்துவிட்டால் "இது தேய்மானம் இல்லை, தயாரிப்பிலேயே இருந்த குறை" என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். இந்த வகை வழக்குகள் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். புகார்தாரர் பில்லையும் கோபத்தையும் மட்டும் கொண்டுவருவார், குறைக்குச் சான்று கொண்டுவர மாட்டார்.

உங்கள் டி.வி. விஷயத்தில் சான்று தேடுவது அவ்வளவு கடினமில்லை. முதலில் ரிமோட்டில் டி.வி.யின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். மெனுவின் மேலும் கோடு ஓடினால் செட்டாப் பாக்ஸோ கேபிளோ காரணமில்லை. செங்குத்துக் கோடு பெரும்பாலும் வருவது பேனலின் விளிம்பில் கண்ணாடியோடு ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய ஃபிலிம் இணைப்புகளிலிருந்து. திரையின் நெடுவரிசைகளுக்கு அந்த ஃபிலிம்கள் வழியாகத்தான் சிக்னல் போகிறது. ஒட்டு சரியாகப் பிடிக்காமல் இருந்தால், சூடாகிக் குளிர்ந்து சூடாகி, ஓராண்டு ஈராண்டில் விட்டுப்போகும். அந்த இடத்தை வீட்டில் யாரும் தொட வழியில்லை. அடிபட்டோ தண்ணீர் இறங்கியோ வந்த சேதம் என்றால் விரிசலோ கறையோ இருக்கும். எனவே டி.வி.யை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைத் திரையின் மேல் சாய்வாக அடித்து, விரிசல் இல்லை என்பது தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதே வீடியோவில் வரட்டும்.

அடுத்தது ஜாப் ஷீட், அதாவது பழுதைப் பார்க்க வருபவர் எழுதித் தரும் சர்வீஸ் தாள். டெக்னீஷியன் "பேனல் ஃபால்ட்" என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டுப் போய்விடுவார். "வெளிச் சேதம் இல்லை, திரவச் சேதம் இல்லை" என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அவர் பேனலைப் பிரித்துப் பார்க்காவிட்டாலும் கண்ணால் கண்டதை எழுதத் தடையில்லை. இந்த ஒரு வரி பின்னால் 39,000 ரூபாய்க்குச் சமம்.

பிறகு சர்வீஸ் சென்டரோடு மல்லுக்கட்டுவதை விடுங்கள். அவர்கள் பெரும்பாலும் ஏஜென்ஸிக்காரர்கள். இலவசமாகப் பேனல் தரும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. கம்பெனியின் கிளை சர்வீஸ் மேலாளருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக எழுதுங்கள்: வாங்கிய தேதி, கோடு முதலில் தெரிந்த தேதி, ஜாப் ஷீட் எண், வேண்டுவது என்ன. வாரண்டி முடிந்து ஓரிரு மாதங்களே ஆனவர்களுக்குப் பாகத்தை இலவசமாகவோ பாதி விலைக்கோ தர மேலாளர் மட்டத்தில் தனி ஒப்புதல் கொடுக்கும் வழக்கம் பல கம்பெனிகளில் உண்டு. கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அதே வாரத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவுசெய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். 1915-க்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. புகாரைக் கம்பெனியின் சரியான மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த மேசையைத்தான் நாம் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அதிலும் நடக்கவில்லை என்றால் 15 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் அனுப்புங்கள், அதற்கு வரும் பதிலில் கம்பெனி தன் நிலையை எழுத்தில் கொடுத்துவிடும். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். "எங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும்" என்று கம்பெனி வாரண்டி அட்டையில் அச்சடித்திருந்தாலும் கவலை வேண்டாம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் செய்ய 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. எதிர்தரப்பில் தயாரிப்பாளர், விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூவரையும் சேருங்கள். கடையை விட்டுவிட்டால் "நாங்கள் விற்கவில்லை" என்று தயாரிப்பாளரும், தயாரிப்பாளரை விட்டுவிட்டால் "நாங்கள் செய்யவில்லை" என்று கடையும் பந்தை உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

கேட்கும்போது வரிசையாகக் கேளுங்கள்: பேனலை இலவசமாக மாற்ற வேண்டும், முடியாவிட்டால் புது டி.வி., அதுவும் இல்லாவிட்டால் பணம். கூடவே செலவுத் தொகையும் நியாயமான இழப்பீடும். மன உளைச்சலுக்கு 20 லட்சம் என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை, புகாரின் மதிப்புதான் குறையும். பதின்மூன்று மாதம் பார்த்த டி.வி.க்கு முழு விலையும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பயன்படுத்திய காலத்துக்கு ஒரு பகுதியைக் கழித்துக் கொடுக்கச் சொல்வதுண்டு.

கோளாறு கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாதது என்று கம்பெனி வாதிட்டால், 38-ஆம் பிரிவின்படி பொருளை ஆய்வுக்கு அனுப்ப நீங்களே மனுப் போடுங்கள். அரசுப் பாலிடெக்னிக் ஆசிரியர் போன்ற ஒரு நிபுணரை நியமிக்கவும் கேட்கலாம். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வு தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும் தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் வாங்கி 3 ஆண்டுகள். கூலிங் இல்லை. கதவில் "கம்ப்ரஸர் 10 வருட வாரண்டி" ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிறது. வந்தவர் கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது, போர்டு மாற்ற வேண்டும், கேஸும் நிரப்ப வேண்டும் என்று 9,500 ரூபாய் கேட்கிறார். பத்து வருடம் என்றது பொய்யா? (வாசகர், ஈரோடு)

பதில்: பொய் இல்லை, பாதி உண்மை. அட்டையைத் திருப்பி சிறிய எழுத்தைப் படித்தால் பத்து வருடம் கம்ப்ரஸர் என்ற ஒரு பாகத்துக்கு மட்டும் என்றிருக்கும். அதை மாற்றும் கூலி, கேஸ், ஃபில்டர், வந்துபோகும் கட்டணம், வண்டிச் செலவு எல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில். இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜில் (கம்ப்ரஸரின் வேகம் தேவைக்கேற்ப மாறும் வகை) கம்ப்ரஸரை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு தனிப் பாகம், அதன் வாரண்டியும் பல மாடல்களில் ஒரே வருடம். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் முதலில் அடிபடுவதும் அந்தப் போர்டுதான். வலுவான பாகத்துக்கு நீண்ட வாரண்டி, பலவீனமான பாகத்துக்குக் குறுகிய வாரண்டி என்கிற இந்தக் கணக்கை வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

9,500-ஐ எடுத்து நீட்டுமுன் ஒன்று யோசியுங்கள். போர்டும் போய், கேஸும் போவது ஒரே நேரத்தில் அரிதாகத்தான் நடக்கும். போர்டு போனால் கம்ப்ரஸர் ஓடாது, கேஸ் அப்படியே இருக்கும். கேஸ் கசிந்தால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர்ச்சி இருக்காது. உங்கள் ஃப்ரிட்ஜின் பின்புறம் காதை வைத்துப் பாருங்கள், கையை வைத்து அதிர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடவே இல்லை என்றால் கேஸ் நிரப்பும் பேச்சுக்கு விளக்கம் கேளுங்கள்.

கம்ப்ரஸரைச் சோதிப்பதும் உங்கள் கண்முன்னே நடக்கலாம். பழைய வகை கம்ப்ரஸரில் மூன்று முனைகள்: காமன், ஸ்டார்ட், ரன். காமனிலிருந்து மற்ற இரண்டுக்கும் வரும் ஓம் (மின்தடை) அளவுகளைக் கூட்டினால் ஸ்டார்ட்–ரன் இடையே உள்ள அளவு வர வேண்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸரில் மூன்று ஜோடிகளும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். எந்த முனைக்கும் வெளி உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. பழைய வகையில் கம்ப்ரஸர் "போச்சு" என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு, அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் சிறிய ஸ்டார்ட்டிங் ரிலே போனதுதான். மேல் அறையில் பனி மலைபோல் கட்டிக் கீழ் அறை மட்டும் குளிராமல் இருந்தால் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரையோ சென்சாரையோ பார்க்கச் சொல்லுங்கள், அதற்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை.

கேஸ்தான் கசிந்திருக்கிறது என்றால் கசிவு எங்கே என்பதைக் கண்டுபிடிக்காமல் நிரப்ப விடாதீர்கள். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, கசிவைக் கண்டு, பற்றவைத்து, வேக்யூம் போட்டு (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), அதன் பிறகுதான் கேஸ். எத்தனை கிராம் என்பது பின்பக்கத் தகட்டிலேயே அச்சாகியிருக்கும். இப்போதைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்கிற தீப்பற்றும் கேஸ், அளவும் 100 கிராமுக்குக் கீழேதான் இருக்கும். எடை பார்க்காமல் "கை கணக்கில்" நிரப்புபவரை வீட்டுக்குள் விட வேண்டாம்.

கசிவு ஃப்ரிட்ஜின் சுவருக்குள், ஃபோமில் புதைந்த குழாயில் என்று தெரிந்தால் பேச்சே மாறுகிறது. அந்தக் குழாயை நீங்கள் தொட்டிருக்க முடியாது. ஆணி அடிக்காமல், பனியைக் கத்தியால் குத்தாமல் இருந்தும் மூன்றே ஆண்டில் அது அரித்து ஓட்டையாகிறது என்றால், தயாரிப்புக் குறை என்று வாதிட இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். "உள் கசிவு" என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். இத்தகைய ஃப்ரிட்ஜுக்குக் கம்பெனிகள் தேய்மானம் கழித்து மாற்றுப் பொருள் தர முன்வருவதுண்டு. முதலில் சொல்லும் தொகையே கடைசித் தொகை இல்லை.

கேள்வி: வாஷிங் மெஷினில் வாரண்டி காலத்திலேயே மூன்று முறை அதே தண்ணீர் ஒழுகல். மூன்று முறையும் வந்து ஏதோ செய்துவிட்டுப் போனார்கள். நான்காவது முறை ஒழுகியபோது வாரண்டி முடிந்து 20 நாள். இப்போது பணம் கேட்கிறார்கள். (வாசகி, மதுரை)

பதில்: இந்த இதழுக்கு வந்தவற்றிலேயே வலுவான புகார் உங்களுடையதுதான். குறை வாரண்டிக்குள்ளேயே தெரிந்துவிட்டது, சரிசெய்யப்படவே இல்லை. நான்காவது ஒழுகல் புதிய பழுது இல்லை, முதல் பழுதின் தொடர்ச்சி. மூன்று புகார் எண்களும் தேதிகளும் வேண்டும். செல்போனில் வந்த குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எண்கள் இல்லையென்றால் உங்கள் மெஷினின் முழு சர்வீஸ் ஹிஸ்டரியையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தராமல் மழுப்பினால் அந்த மழுப்பலும் ஆவணம்தான்.

இன்னொன்று, காலக்கெடு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும் என்கிறது 69-ஆம் பிரிவு. தாமதத்தைத் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் கம்பெனியோடு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும் கெடுவை நீட்டாது. "பார்க்கிறோம் மேடம்" என்று இழுத்தடிப்பதற்கு இது நன்றாகவே பயன்படுகிறது. முதல் ஒழுகல் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

அதுவரை வெளியாளிடம் காட்டிப் பிரிக்க வேண்டாம். பிரித்தால் "வெளியாள் கைவைத்தார்" என்று கம்பெனி கழன்றுகொள்ளும். துணி துவைக்காமல் மாதக்கணக்கில் இருக்க முடியாது என்பதும் உண்மை. அதனால் நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள்: 15 நாளுக்குள் வந்து பார்க்காவிட்டால் வேறு இடத்தில் சரிசெய்து, கழற்றிய பாகத்தைப் பத்திரமாக வைத்து, செலவைக் கோருவேன் என்று. சொன்னபடியே பாகத்தை வையுங்கள். மெக்கானிக் என்ன கண்டார், ஏன் மாற்றினார் என்று தேதியும் கையெழுத்துமாக அரைப் பக்கம் எழுதித் தரட்டும்.

கேள்வி: ஏ.சி. வெளியூனிட் போர்டில் பல்லி விழுந்து ஷார்ட் ஆனதாம். வாரண்டி இருந்தும் தர மறுக்கிறார்கள். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பூச்சி, எலி, பல்லி சேதம் சேராது என்று பெரும்பாலான அட்டைகளில் இருக்கிறது, அதனால் மறுப்பதற்கு ஏதோ ஓர் அடிப்படை இருக்கிறது. ஆனால் முதலில் பல்லியைக் காட்டச் சொல்லுங்கள். கருகிய போர்டு எல்லாவற்றுக்கும் பல்லி காரணமாகிவிடாது. போர்டின் படத்தில் எரிந்த இடமும் பல்லியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வெளியில் வைப்பதற்கென்றே செய்த யூனிட்டில் பல்லி நுழையும் அளவு இடைவெளி விட்டது வடிவமைப்புக் குறை என்று வாதிட முடியும். ஜெயிக்குமா என்பது அந்த ஆணையத்தைப் பொறுத்தது. நானாக இருந்தால் ஒரு போர்டு விலைக்கு வழக்குப் போட மாட்டேன். மின்னஞ்சலோடும் 1915-ஓடும் நிறுத்திக்கொண்டு, புதுப் போர்டு போட்டதும் வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடுவேன். காற்று போக வேண்டிய வலைப்பகுதியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நான்கு வருட வாஷிங் மெஷினுக்குப் போர்டு இல்லை, மாடல் நின்றுவிட்டது என்கிறார்கள். ஸ்பேர் இத்தனை வருடம் தர வேண்டும் என்று சட்டம் இல்லையா? (வாசகர், கோவை)

பதில்: வீட்டுச் சாதனங்களுக்கு இத்தனை ஆண்டு என்று எண் போட்டுச் சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது, வீட்டுச் சாதனங்களும் அதில் ஒரு பிரிவு. கம்பெனிகளின் கையேடு, சர்வீஸ் விவரங்களுக்கான தொடர்புகள் அதில் இருக்கும், கட்டாயப்படுத்தும் பல் அதற்கு இல்லை. ஆனாலும் விலை உயர்ந்த பொருளை விற்று நான்கே ஆண்டில் பாகம் இல்லை என்பதைச் சேவைக் குறைபாடு என்று ஆணையத்தில் கேட்கலாம். அதற்கு "ஸ்பேர் கிடைக்காது" என்பது எழுத்தில் வேண்டும். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை.

கைக்கு எட்டும் வழி போர்டை ரிப்பேர் செய்வது. வாஷிங் மெஷின் போர்டில் அடிக்கடி போவது மின்சாரப் பகுதியிலுள்ள கெப்பாசிட்டர், ரிலே, பவர் ஐ.சி. போன்றவை. போர்டின் மேல் ரப்பர் போன்ற பசை ஊற்றியிருந்தால் அதைச் சுரண்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய போர்டு வாங்குவதாக இருந்தால் மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். உருவம் ஒன்றாக இருந்தும் உள்ளே உள்ள புரோகிராம் வேறாக இருந்தால் மெஷின் எரர் காட்டி நின்றுவிடும்.

கேள்வி: ஆறு வருட கீசர் வெடித்து ஃபால்ஸ் சீலிங்கும் கண்ணாடிக் கதவும் போய்விட்டன. வாரண்டி எப்போதோ முடிந்தது. (வாசகர், சென்னை)

பதில்: ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்புகிறோம். இங்கே வாரண்டியை மறந்துவிடுங்கள். குறையுள்ள பொருளால் வேறு சொத்துக்கோ உடலுக்கோ சேதம் நேர்ந்தால் அது பொருள் பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தில் வருகிறது, 82 முதல் 87 வரையிலான பிரிவுகள். கீசரின் விலை அந்தச் சேதத்தில் சேராது. சீலிங்கும் கதவும் சேரும். உடைந்த தொட்டியையும் வால்வையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வழக்கே அந்த இரண்டில்தான் இருக்கிறது.

கம்பெனி முதலில் பார்ப்பது பாதுகாப்பு வால்வை. தண்ணீர் சூடாகும்போது விரிவதால் அந்த வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுவது இயல்பு. அது பழுது என்று எண்ணிச் சிலர் பிளம்பரிடம் சொல்லி அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். அடைத்திருந்தால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்ற 87-ஆம் பிரிவு வாதம் அவர்களுக்குக் கிடைத்துவிடும். வால்வு திறந்திருந்து, தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டும் இரண்டுமே வேலை செய்யாமல் போயிருந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் தொட்டி துருப்பிடிக்காமல் காக்க அதற்குள் இருக்கும் மெக்னீசியத் தண்டு கரைந்துபோகும், அதை அவ்வப்போது மாற்றச் சொல்லிக் கையேட்டில் இருந்ததா என்பதும் கேள்வியாகும். சர்வீஸ் செய்த பில்கள் இருந்தால் தேடி எடுங்கள்.

கேள்வி: டீக்கடைக்கு வாங்கிய ஃப்ரிட்ஜ். வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் இல்லை என்கிறார்கள். சரியா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கடையை நீங்களே நடத்தி அதில்தான் பிழைக்கிறீர்கள் என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் நுகர்வோரே. சுயதொழிலால் பிழைப்பதற்கு மட்டுமே வாங்கியதை வணிக நோக்கம் என்று கொள்ளக் கூடாது என 2(7) பிரிவின் விளக்கமே சொல்கிறது. சிக்கல் அட்டையில் இருக்கிறது. வீட்டு உபயோக ஃப்ரிட்ஜைக் கடையில் வைத்தால் வாரண்டி செல்லாது என்று பல கம்பெனிகள் எழுதுகின்றன. கடை முகவரிக்கே பில் போட்டு, கடையிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள் என்றால் எதற்கு வாங்குகிறீர்கள் என்று தெரிந்துதான் விற்றிருக்கிறார்கள். அந்த பில்லையும் டெலிவரி சலானையும் முதல் ஆவணமாக வையுங்கள்.